வழுவமைதி யாருக்கு?

கைவினைக் கண்காட்சிகளில் விற்கப்படும் கம்பளிநூல் மஃப்ளரின் ஓரத்தில் ஒரு சிறு அட்டை தொங்கும். அட்டைக்கு அட்டை வாசகம் மாறும், சாரம் மாறாது. இது கையால் செய்யப்பட்டது; இதில் தென்படும் சிறு ஒழுங்கின்மைகள் குறைகள் அல்ல; அவையே இதன் அழகு. ஒரு பொருளின் குறையை அதன் விலைக்கான காரணமாக மாற்றும் இந்த வாசகத்தை ஒரு கவிதையைப் படிப்பதுபோல் நின்று படிக்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் இலக்கணம். 'செய்யப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. செய்தவள் அந்த வாக்கியத்தில் இல்லை. 'கையால்' என்று கருவி மட்டும் இருக்கிறது. கை இருக்கிறது, கைக்குரியவள் இல்லை. அவளுடைய ஊர், பெயர், அதற்கு அவள் செலவிட்ட இரவுகள், பெற்ற கூலி எதற்கும் அட்டையில் இடமில்லை. அவளுடைய பிழைக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கிறது.

அடுத்து, அந்த வாசகம் செய்யும் வேலை. தமிழ் இலக்கணம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: வழுவமைதி. நன்னூல் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று நிலைகளைச் சொல்கிறது. இலக்கணப்படி வருவது வழாநிலை. பிறழ்ந்து வருவது வழு. பிறழ்ந்து வந்தாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் அதை அம்மை என்று உயர்திணையில் அழைத்தால் அது திணைவழு. ஆனால் உவப்பினால் வந்தது என்பதால் அமைதி பெறுகிறது. வகுப்பில் இதை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் எனக்குள் ஒரு கேள்வி எழும். காரணம் தக்கதுதான் என்று தீர்மானிப்பவர் யார்? பிழை செய்தவர் அல்லர் என்பது மட்டும் உறுதி. பிழையை மன்னிக்கும் அதிகாரம் எப்போதும் பிழை செய்தவருக்கு வெளியே இருக்கிறது. கையால் பின்னிய மஃப்ளரின் அழகைப் பற்றிப் பேசுவதற்கு இந்தக் கேள்வியைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

*

அந்த அழகு பொய் என்று நான் சொல்லவில்லை. அது உண்மையானது. எதனால் உண்டாகிறது என்று பார்ப்போம்.

இரண்டு ஊசிகளைக் கொண்டு பின்னும்போது ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசியில் உயிரோடு காத்திருக்கின்றன. ஒரு கண்ணி நழுவினால் அது தனக்குக் கீழுள்ள கண்ணியையும், அது அதற்குக் கீழுள்ளதையும் அவிழ்த்துக்கொண்டு ஏணிபோல இறங்கும். குரோஷா வேறு விதம். ஒரே கொக்கி ஊசி, எந்நேரமும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. ஆகவே குரோஷாவில் பிழை ஏணியாக இறங்காது, ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். புதிதாகப் பழகுபவர்கள் வரிசையின் கடைசிக் கண்ணியைக் காணாமல் விட்டுவிடுவார்கள். வரிசைக்கு ஒன்று குறையும். செவ்வகமாகத் தொடங்கிய துண்டு கூம்பிக்கொண்டே போகும். இரண்டிலும் பொதுவானது நூலின் இறுக்கம். மனம் பதறும்போது கை இறுகுகிறது, தளரும்போது நூலும் தளர்கிறது. பாதி வரிசையில் வைத்துவிட்டுப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்து தொடர்ந்தால், தொடர்ந்த இடம் தெரியும்.

ஆகவே ஒழுங்கற்ற மஃப்ளரில் நாம் பார்ப்பது காலம். அதுவும் தடைபட்ட காலம். பெண்ணின் நேரம் முழுத்துணியாக ஒருபோதும் கிடைப்பதில்லை. துண்டு துண்டாகக் கிடைப்பதை அவள் இணைத்துக்கொள்கிறாள். இணைத்த இடங்கள் வெளியே தெரியும் பொருள்கள் நம் வீடுகளில் மிகக் குறைவு. சோற்றில் தெரியாது. துவைத்த துணியில் தெரியாது. பெருக்கிய முற்றத்தில் தெரியவே தெரியாது. பின்னலில் தெரிகிறது. பின்னல், அவளுடைய நாளின் கையெழுத்துப் பிரதி. அதன் ஈர்ப்புக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் எந்தக் கையெழுத்துப் பிரதி பாதுகாக்கப்படுகிறது, எது கிழித்துப் போடப்படுகிறது என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. அதற்குத் தென்காசிச் சீமையைவிட நல்ல இடம் வேண்டாம்.

*

ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரத்துக்கு வருகிறவர்கள் சூரியகாந்தியைப் பார்க்க வருகிறார்கள். 1992இல் வந்த 'ரோஜா' படத்துக்குப் பிறகு இந்த ஊரின் வயல்கள் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த காட்சியாகிவிட்டன. மலையிலிருந்து சாரல் காற்றோடு வரும். குற்றாலத்தில் சீசன் நேரம். அருவிக்குப் போகும் சாலையோரக் கடைகளில் குல்லாவும் மஃப்ளரும் தொங்கும். அவற்றில் பெரும்பாலானவை இயந்திரப் பின்னல். ஒரு கண்ணிகூட மாறாமல் ஒன்றுபோல் இருக்கும். ஊர்ப் பெண்கள் அவற்றை வாங்கிக் கட்டிக்கொள்வது அபூர்வம். சாரல் அடித்தால் சேலை முந்தானை காதைச் சுற்றும், அவ்வளவுதான்.

அந்த வயல்களைத் தாண்டி இவ்வட்டாரத்தின் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மடியில் சொளகோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைக் காணலாம். பீடி சுற்றுவது தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களின் பெண்கள் செய்யும் மிகப் பெரிய வீட்டுவேலை. இலையை நனைத்து, அளவுத்தகட்டை வைத்துக் கத்தரித்து, தூளை அளவாக இட்டு, உருட்டி, தலையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். விரல் நுனிகளின் நுட்பத்தில் இது எந்தக் குரோஷாவுக்கும் குறைந்ததல்ல. இதுவும் கைவேலை. இதிலும் நூல் உண்டு. இதிலும் ஒவ்வொரு கையின் இறுக்கமும் வேறு.

இந்தக் கைவேலையில் ஒழுங்கின்மைக்கு என்ன பெயர்? கழிவு. கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அங்கே சரிபார்ப்பவர் சிலவற்றைத் தளர்வு என்கிறார், சிலவற்றைக் குட்டை என்கிறார், ஒதுக்கித் தள்ளுகிறார். ஆயிரம் பீடி என்பது கணக்கு. ஒதுக்கியதற்கு ஈடாக அவள் மறுபடி சுற்றித் தர வேண்டும், அல்லது கூலியில் குறையும். கொடுக்கப்பட்ட இலை ஆயிரத்துக்குப் போதாமல் போனால் கைக்காசைப் போட்டு இலை வாங்குவதும் அவள்தான். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்காக 1966இல் கொண்டுவரப்பட்ட மத்தியச் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே கொண்டது. பீடியைக் கழிப்பது பற்றியும், கழிக்கப்பட்டதற்கான கூலி பற்றியும் தகராறு எழுந்தால் தீர்த்துவைக்க ஓர் அதிகாரியை மாநில அரசு நியமிக்கலாம் என்றது. இப்படி ஒரு பிரிவு எழுதப்பட வேண்டியிருந்தது என்பதே, கழிவு எவ்வளவு பெரிய வழக்கு என்பதைக் காட்டுகிறது. சட்டமே பேச வேண்டிய அளவுக்கு ஒரு கைவேலையின் சிறு பிழைகள் விலை கொண்டவை. விலை கொடுத்தவள் அவள்.

என் மாணவி ஒருத்தி கொரோனாப் பொதுமுடக்கத்தின்போது செல்பேசியைப் பார்த்துக் குரோஷா பழகினாள். பிறகு உல்லன் நூலில் மஃப்ளர்கள் பின்னி விற்கத் தொடங்கினாள். ஓரம் கோணலான ஒன்றை வாங்கியவர், கோணல்தான் தனக்குப் பிடித்தது என்று எழுதியிருந்தாராம். அதை என்னிடம் காட்டிவிட்டு அவள் கேட்டாள்: "மேம், எங்க அம்மா பீடி கோணலாப் போனா கழிவுங்காங்க. என் மஃப்ளர் கோணலாப் போனா அழகுங்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கைதான மேம்?"

ஒரே கைதான். அவர்கள் வீட்டில் இரண்டு வேலையும் ஒரே திண்ணையில், ஒரே வெளிச்சத்தில் நடக்கின்றன. வேறுபாடு கையில் இல்லை; வாங்குபவருக்கும் கைக்கும் இடையிலான தூரத்தில் இருக்கிறது. மஃப்ளர் வாங்குபவர் தன் வாழ்வில் ஒழுங்கு மிகுந்துபோனதால் ஒழுங்கின்மையைத் தேடுகிறார். பீடியை வாங்கும் இடைத்தரகருக்கு ஒழுங்கின்மை ஒரு கழித்தல் குறி. பிழையின் அழகு பிழையில் இல்லை. மன்னிக்க வசதியுள்ளவரின் கண்ணில் இருக்கிறது.

*

இதே கண்ணியை இன்னொரு திசையிலும் பின்தொடரலாம். திருப்பூரில் தயாராகும் பனியன் துணியும் பின்னல்தான், கண்ணிக்குள் கண்ணி கோத்த துணிதான். இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589இல் காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கியதிலிருந்து ஊசிப்பின்னல் இயந்திரத்தின் கைக்குப் போயிற்று. குரோஷாவை மட்டும் இன்றுவரை எந்த இயந்திரமும் அப்படியே செய்வதில்லை. கடையில் குரோஷாபோலத் தோன்றும் இயந்திரத் துணி வேறு வகைப் பின்னல். உண்மையான குரோஷா எங்கே விற்றாலும், எவ்வளவு மலிவாக விற்றாலும், அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. மலிவாக விற்கிறது என்றால் அந்தக் கை மலிவாக வாங்கப்பட்டிருக்கிறது. இதை நம் வாசகியர் நினைவில் வைக்க வேண்டும்.

திருப்பூரின் 'செக்கிங்' மேசைகளில் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய வேலை, இயந்திரம் விட்ட ஓட்டையையும் கறையையும் தவறிய கண்ணியையும் கண்டுபிடிப்பது. தென்மாவட்டங்களிலிருந்து ஆலைகளுக்குப் போன இளம்பெண்களின் கதை நமக்குத் தெரிந்ததே. ஒழுங்கின்மையைத் தேடித் தேடி நீக்கும் வேலையில் ஒரு பெண்ணின் கண்கள் தேய்கின்றன. அதே ஒழுங்கின்மையைத் தேடித் தேடி வாங்கும் சந்தை இன்னொரு பெண்ணின் கையைப் புகழ்கிறது. இரண்டும் ஒரே பொருளாதாரத்தின் இரு கண்கள்.

*

நம் தெற்கில் நூல்பின்னலின் வரலாறு பிழையின் அழகிலிருந்து தொடங்கவில்லை. பிழையின்மையிலிருந்து தொடங்கியது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அங்கே பெண்பிள்ளைகளுக்கான பள்ளியோடு ரேந்தைப் பின்னலையும் தொடங்கினார். தலையணைமீது வரைபடத்தாளை விரித்து, ஊசிகளைக் குத்தி, நூல்சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை அது. ஐரோப்பியக் கழுத்துகளுக்கும் கைகளுக்கும் போக வேண்டிய சரக்கு. ஒரு இழை மாறினால் பூ கெட்டுவிடும். வெண்மை குறைந்தால் விலை இல்லை.

அங்கே கற்ற பெண்களில் அடிமைகளாக இருந்தவர்களும் உண்டு. ரேந்தையில் கிடைத்த கூலியைச் சேர்த்துச் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. அதே ஆண்டுகளில், அதே நாஞ்சில் நாட்டில், அதே பெண்கள் தோளில் ஒரு துணி போடுவதற்காக அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். தோள்சீலைக் கலகம் பல பத்தாண்டுகள் நீண்டது. 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் நாடார் பெண்களுக்கு மேலாடையை அனுமதித்தது. பிறர் கழுத்தை அலங்கரிக்கும் ரேந்தையைப் பிசகின்றிப் பின்னிய கைகளுக்குத் தன் தோளை மூட உரிமை இல்லை. கழுத்தில் போடும் ஒரு துண்டு வெறும் அலங்காரம் என்று நம்மால் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

மார்த்தாவின் மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதப்பட்ட அந்தத் தேரிக்காட்டு ஊரில் எலைசா பெண்களுக்குக் கல்வியும் ரேந்தையும் கற்பித்தார். ஒப்பிலக்கணம் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் பாடம். ரேந்தை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. தமிழியல் ஆய்வாளர்களாகிய நாமே கால்டுவெல்லின் சொற்பிறப்புகளில் பிழை தேடிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். எலைசாவிடம் கற்ற பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட நம்மிடம் கைவசம் இல்லை.

இந்தப் பெண்களுக்குப் பிழை அழகாக இருந்திருக்க வழியில்லை. பிழையின்மை அவர்களுக்கு ஒருபுறம் ஒடுக்கும் ஒழுங்கு, மறுபுறம் விடுதலைக்கான காசு. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் முஸ்லிம் பெண்களைப் பாருங்கள். அவர்களுடைய பெருமை நுண்மையில் இருக்கிறது. பட்டுபோல மடங்கும் பாய்க்குக் கோரையை எவ்வளவு மெல்லியதாகக் கிழிக்க முடியும் என்பதே அங்கே போட்டி. கைவினைப் பெண்ணிடம் போய் உன் பிழைதான் உன் அழகு என்று சொல்வது, அவள் ஆண்டுக்கணக்கில் தேடி அடைந்த தேர்ச்சியைக் கேலி செய்வதாகவும் ஆகிவிடும்.

*

குரோஷாவைப் பற்றிப் பெண்ணியம் எழுதிய மிக முக்கியமான நூல் நம் அண்டை மாநிலத்து ஊர் ஒன்றைப் பற்றியது. 1982இல் மரியா மீஸ் வெளியிட்ட 'நரசாபூரின் லேஸ் பின்னும் பெண்கள்'. ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில், மிஷனரிகள் அறிமுகப்படுத்திய குரோஷா லேஸைப் பின்னி உலகச் சந்தைக்கு அனுப்பிய பெண்களை மீஸ் ஆராய்ந்தார். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முழு விரிப்பும் ஒருவர் கையில் உருவாவதில்லை. வியாபாரமும் லாபமும் ஆண்களிடம். அந்தப் பெண்களைத் தொழிலாளிகள் என்று யாரும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றார்கள். இந்த 'ஓய்வு நேரம்' என்ற சொல்தான் கூலியைக் குறைக்கும் கத்தரிக்கோல் என்று மீஸ் காட்டினார். உழைப்பாளியை இல்லத்தரசி என்று பெயரிட்டுவிட்டால் அவளுடைய உழைப்பு வருமானமாகாமல் பொழுதுபோக்காகிவிடுகிறது. நரசாபூர் லேஸுக்கு இப்போது புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மீஸின் கேள்வி இன்னும் கிடக்கிறது.

பொழுதுபோக்கு என்ற சொல்லை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வையை உருவாக்கிக் கின்னஸில் இடம்பெற்றது. 11,148.5 சதுர மீட்டர். இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் இருந்த பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகளை அனுப்பினார்கள், ஒன்றாக இணைத்தார்கள். பிறகு அவற்றைப் பிரித்து இல்லாதவர்களுக்குப் போர்வைகளாகக் கொடுத்தார்கள். என்னை ஈர்ப்பது சாதனையின் எண் அல்ல. அவ்வளவு பெரிய பரப்பில் ஒவ்வொரு சதுரத்தின் இறுக்கமும் வேறாக இருந்திருக்கும். யாரும் அதைக் கழிவு என்று ஒதுக்கவில்லை. ஒரு பெண்ணின் கோணல் சதுரத்தைப் பக்கத்துச் சதுரம் தாங்கிக்கொண்டது. வாங்குபவர் தரும் மன்னிப்பு அல்ல இது. கூடப் பின்னியவர்கள் தரும் இடம். ஆனால் அந்தப் பெண்களுக்கும் பீடி சுற்றும் பெண்களுக்கும் நடுவே வர்க்கம் இருக்கிறது, சாதி இருக்கிறது. ஓய்வு உண்மையிலேயே இருப்பவளுக்குப் பொழுதுபோக்கு விடுதலையாகிறது. ஓய்வே இல்லாதவளின் உழைப்புக்கு அதே சொல் பூட்டாகிறது.

*

கைவேலையின் குறைக்கு மரியாதை செய்த பழைய குரல் ஒன்று உண்டு. ஜான் ரஸ்கின் 1853இல் கோதிக் கட்டடக் கலையைப் பற்றி எழுதும்போது, தொழிலாளியிடம் பிழையற்ற முழுமையைக் கேட்பது அவனைக் கருவியாக்குவது என்று வாதிட்டார். கரடுமுரடான சிற்பம் அதைச் செதுக்கியவன் யோசித்தான் என்பதற்குச் சான்று என்றார். கவனியுங்கள், அவர் பேசியது செய்பவனின் சுதந்திரத்தைப் பற்றி. இன்றைய சந்தை அந்த வாதத்தின் பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. சுதந்திரத்தை விட்டுவிட்டுக் கரடுமுரடை எடுத்துக்கொண்டது. வாரத்துக்கு இத்தனை மஃப்ளர் என்று கணக்குக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் கையால் செய்ததுபோலத் தோன்றும் சிறு கோணல் வேண்டும் என்று கேட்டால், அந்தக் கோணலும் ஒரு கட்டளைதான்.

இலக்கிய விமர்சனத்தில் இருக்கும் நமக்கு இது அந்நியமான கதை அல்ல. பெண்ணின் கவிதையைப் பாராட்ட நம் விமர்சகர்கள் வைத்திருக்கும் சொற்களை நினைத்துப் பாருங்கள். பாசாங்கற்றது, இயல்பானது, செதுக்கப்படாதது, நேரடியானது. ஆணின் கவிதைக்கு வடிவம் இருக்கும். பெண்ணின் கவிதைக்கு வெளிப்பாடு இருக்கும். அவள் பத்து முறை அடித்து எழுதிய வரியும் தானாகப் பொங்கியதாகவே படிக்கப்படும். 2000களின் தொடக்கத்தில் பெண் கவிஞர்கள் உடலை எழுதியபோது எழுந்த கண்டனங்களை நினைவுபடுத்திக்கொள்ளலாம். செதுக்காத அழகு என்று மன்னித்து வந்தவர்கள், அவள் தெரிந்தே செதுக்கினாள் என்று தெரிந்ததும் மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வழுவமைதி ஒரு கடன். கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் கேட்பார்.

இத்தனைக்கும் நூல் என்ற சொல்லையே இழையிலிருந்துதான் நம் மொழி எடுத்தது. பனுவல் என்பது நூற்ற பஞ்சும்தான், படிக்கும் நூலும்தான். நன்னூலின் பாயிரம் புலவனை நூற்கும் பெண்ணாகவே உருவகிக்கிறது. அதே பாயிரம், நூலின் பயன் மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலைப்போல மனக்கோணலைத் தீர்ப்பது என்றும் சொல்கிறது. நூற்பவள் பெண், கோணல் தீர்ப்பவர் புலவர். சங்கப் பாட்டில் நூற்பவள் யார்? நற்றிணை 353இல் கபிலர் காட்டுபவர்கள் ஆண் துணை இல்லாத பெண்கள். புறநானூறு 326இல், பூனைக்கு அஞ்சி நள்ளிரவில் அலறும் கோழியைத் தேற்றுவது, பஞ்சின் குப்பையை நீக்க விழித்திருக்கும் பருத்திப் பெண்டின் சிறு விளக்கு. அந்த விளக்கு அழகான காட்சி என்று நாம் பாடம் நடத்துகிறோம். அவள் ஏன் அந்நேரத்தில் தூங்கவில்லை என்று கேட்பதில்லை. தெருவில் பதினொரு மணிக்கும் எரியும் குழல்விளக்கின் கீழ் சொளகோடு இருப்பவளையும் கேட்பதில்லை.

கோணலான மஃப்ளரை வாங்கக் கூடாது என்பதல்ல என் வாதம். வாங்குங்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள், அந்தக் கோணலை விரலால் தடவியும் பாருங்கள். ஆனால் அழகு என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இந்த இடத்தில் அவள் ஏன் எழுந்துபோனாள், எத்தனை மணிக்குத் திரும்பி வந்தாள், இதற்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பிரித்துப் பின்ன அவளுக்கு நேரம் இருந்ததா என்றும் கேளுங்கள். குரோஷாவின் மிகப் பெரிய கொடை அதுதான்: ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்து, நூல் சேதமில்லாமல் கைக்குத் திரும்பும். பிழையை வைத்துக்கொள்வதா பிரித்துவிடுவதா என்பதைப் பின்னுகிறவள் முடிவு செய்யும்போதுதான் அது அழகு. முடிவு வேறு யாரிடமோ இருக்கும்வரை, அழகு என்றாலும் கழிவு என்றாலும் அவளுக்கு ஒன்றுதான்.

என் மாணவி கோணல் மஃப்ளர்களை இப்போது விற்பதில்லை. பிரித்துவிடுகிறாள். ஒன்றை மட்டும் பிரிக்காமல் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாளாம். சாரல் நாட்களில் அதைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அந்த அம்மா பீடி சுற்றுகிறார். அதன் விலை என்ன என்று கேட்கவோ, அதன் பிழையை மன்னிக்கவோ அங்கே யாரும் இல்லை.